காளியும் இறகுக் கிரீடமும்

'அக்டோபர் 30, எம்மன்புரூக்கே, சுவிட்சர்லாந்து' என்று தேதியிட்டு, ஹாலோவீன் வேடங்கள் விற்கும் கடையில் நின்றபடி எழுதுகிறேன். சூனியக்காரிக்கும் எலும்புக்கூட்டுக்கும் நடுவே, நீட்டிய நாக்கோடு காளி வேடம் ஒரு பிளாஸ்டிக் பையில் தொங்குகிறது.

பக்கத்தில் நிற்கும் யாழ்ப்பாணத்துப் பெண் என் திருநீற்றைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே பொருமுகிறார்.

"பாருங்கோ அண்ணை, நாங்கள் கும்பிடுற அம்மாளைப் பேயோடை தொங்கவிட்டிருக்கினம். நான் போய்க் கதைக்கப்போறன்."

அவருடைய கூடையில் நாளைய பள்ளி விழாவுக்காக மகள் ஆசையாக எடுத்த அமெரிக்கப் பழங்குடியினரின் இறகுக் கிரீடம் இருக்கிறது. மகள் அதைத் தொட்டுப் பார்க்கிறாள்.

"அம்மா, அப்ப இந்தக் கிரீடம் போடுற ஆக்கள் எங்களைப் பாத்தால் என்ன சொல்லுவினம்?"

"அது வேறை. சும்மா விளையாட்டுக்கு."

"காளியையும் விளையாட்டுக்குத்தானே வைச்சிருக்கினம்?"

தாய் கூடையிலிருக்கும் கிரீடத்தைப் பார்க்கிறார். பிறகு சிரித்துவிடுகிறார்.

"வாய்க்காரி! சரி, ரெண்டையும் கொண்டுபோய்க் கதைப்பம். நீ வீட்டிலை கிடக்கிற வெள்ளைச் சீலையைச் சுத்திக்கொண்டு பேயாப் போ. பேய் வந்து கோவிக்காது."

தாய் சுவிஸ் ஜெர்மனில் சொல்வதையெல்லாம் காசாளர் பொறுமையாகக் கேட்டு, இரண்டு வேடங்களையும் மேசைக்கடியில் வைக்கிறார். மேலாளரிடம் சொல்வதாக உறுதியளிக்கிறார். மகள் வெறுங்கையோடு, ஆனால் பேய்க்குரல் எழுப்பியபடி வெளியேறுகிறாள்.

அந்த வேடங்கள் மறுபடி விற்பனைக்கு வருமா என்பது எனக்கு இன்னும் தெரியாது.