லைட்டா கோவம் வரும்

"பையன் தங்கம். போட் இன்ஜின் மெக்கானிக். கடலூர் துறைமுகத்துல கை நிறைய வேலை. குடி கிடையாது, சிகரெட் கிடையாது..." போனில் மூச்சு விடாமல் அடுக்கிக்கொண்டே வந்த கல்யாணத் தரகர், கடைசியில் குரலைக் குறைத்தார். "லைட்டா கோவம் வரும். அவ்வளவுதான்."

அவர் போனை வைத்துவிட்டார். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

லைட்டா என்றால் எவ்வளவு?

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம், சிதம்பரத்தில் என் பெயின்ட் கடைக்கு வந்து போகிறவர்கள் விட்டுச் சென்றதுதான். அதில் அதிகம் புழங்குவது இந்த 'லைட்டா'. "ஹாலுக்கு லைட்டா ஒரு பச்சை" என்பார்கள். நிறங்கள் வரிசையாக அச்சடித்த ஷேட் கார்டை நீட்டுவேன். விரல் வைத்துக் காட்டுவார்கள். வேலை முடிந்தது.

கடைக்கு வெளியேதான் சிக்கல். லைட்டா மழை என்று கிளம்பினால் பஸ் ஸ்டாண்டில் முழங்கால் தண்ணீர். "லைட்டா சாப்பிடுறேன்" என்று என் மச்சான் உட்கார்ந்தால் மறுபடி உலை வைக்க வேண்டும். "லைட்டா உரசிடுச்சு" என்று சொல்லித்தான் ஒருநாள் என் ஸ்கூட்டரைத் திருப்பிக் கொடுத்தான் – முன்பக்கம் இல்லாமல்.

இந்தக் கணக்கில் பார்த்தால் லைட்டான கோபம் எப்படி இருக்கும்? கோபத்துக்கு ஷேட் கார்டு கிடையாதே... கட்டிக்கொடுக்கப் போவது ஒரே மகளை.

"நேர்ல போய் விசாரிச்சிட்டு வாங்க. நீங்களும் தூங்கல, எங்களையும் தூங்க வுடல" என்றாள் மனைவி.

எங்கள் பக்கம் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பதற்கென்றே ஒரு முறை உண்டு. அவன் தெருமுனை டீக்கடையில் யாரோ போல உட்கார வேண்டும். அவன் பேச்சை எதேச்சையாக எடுக்க வேண்டும். கடலூர் முதுநகரில் பஸ்ஸை விட்டு இறங்கி அப்படியே உட்கார்ந்தேன்.

"இங்க போட் மெக்கானிக் ஒருத்தர் இருக்காராமே... ஆளு எப்படி?"

"நல்ல பையன் சார்" என்றார் டீக்கடைக்காரர். "லைட்டா கோவம் வரும்."

இவருமா? இரண்டாவது டீ சொன்னேன்.

டீ வருவதற்குள் எதிரிலிருந்த பட்டறையில் சத்தம். தரகர் அனுப்பிய போட்டோவில் இருந்த அதே பையன். கை முழுக்க கிரீஸ். முன்னால் போட் ஓனர் ஒருவர்.

"பம்ப் மாத்தாம போட்டை எடுக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல? நடுக்கடல்ல நின்னுச்சுன்னா யாரு வருவா? ஓம் பொண்டாட்டி இங்க வந்துதான நிப்பா, அவளுக்கு நான் இன்னா பதில் சொல்லட்டும்?" என்று கத்தியவன், இன்ஜின் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "நாளைக்கு பம்ப் வரும். மாட்டிட்டுப் போ."

"உன்னோட பெரிய ரோதனைடா" என்று முனகிக்கொண்டே அந்த ஓனர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து டீ சொன்னார்.

என் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. இதுவா கோபம்? ஊரே கோபம் என்று சொல்லட்டும். நடுக்கடலில் நின்றால் என்ன ஆகும், யார் வருவார்கள், வீட்டில் என்ன சொல்வது... இந்தக் கேள்விகளை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். என் தலைக்குள் ஓடுவதும் இவைதான். பையன் சத்தமாகப் பயப்படுகிறான், அவ்வளவுதான்.

அதற்குள் அவன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். "இன்னொரு டீ சொல்லட்டுமா மாமா?"

மாமாவா?

"இங்க வந்து கேள்வி கேட்டுகிட்டே ரெண்டாவது டீ குடிக்கிறவுங்க எல்லாம் பொண்ணு ஊட்டுக்காரங்கதான் சார்" என்றார் டீக்கடைக்காரர். "நீங்க ரெண்டாவது டீ சொன்னப்பவே அவனுக்கு ஆள் அனுப்பிட்டேன்."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பையன்தான் காப்பாற்றினான்.

"எங்கப்பாவும் போன வாரம் உங்க தெருவுக்கு வந்தாரு மாமா. எதிர்வீட்டுக்காரர்கிட்ட விசாரிச்சாரு."

எதிர்வீட்டுக்காரரா? டிவியில் காற்றழுத்தத் தாழ்வு என்று சொன்னால் போதும், நான் போய் அவர் வீட்டு கேட்டைத் தட்டுவேன். வேப்பமரக் கிளை விழப்போகிறது என்று சொல்லி அவர் காரை நகர்த்த வைத்திருக்கிறேன் – கிளை இன்னும் அங்கேயே இருக்கிறது. கேஸ் வாசனை வருகிறது என்று அந்தக் குடும்பத்தையே தெருவில் நிறுத்தியிருக்கிறேன். அவர் வாய் திறந்தால் கல்யாணம் நின்ற மாதிரிதான்.

"என்ன... சொன்னாராம்?"

"ரொம்ப நல்ல மனுஷர். லைட்டா பயப்படுவாரு, அவ்வளவுதான்னு."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த ஒரு வார்த்தையைத்தான் நினைத்துக்கொண்டே வந்தேன். உள்ளதையும் மறைக்காமல், ஆளையும் விட்டுக்கொடுக்காமல் சொல்ல நம் ஜனங்களுக்கு எவ்வளவு சின்ன வார்த்தை போதுமாக இருக்கிறது.

வீட்டில் நடந்ததைச் சொன்னதும் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "லைட்டாவா? எதிர்வீட்டுக்காரங்க ரொம்ப நல்லவங்க."

மகள் அலட்டிக்கொள்ளவே இல்லை. "கோவம் வரும்னு மாப்பிள்ளையே எனக்குப் போன் பண்ணி சொன்னாருப்பா. எனக்கும் வரும்னு சொல்லிட்டேன்."

"எவ்ளோ வரும்னு சொன்ன?"

"லைட்டான்னுதான்."

அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். பத்திரிகை அடித்ததும் முதல் பத்திரிகை எதிர்வீட்டுக்காரருக்குத்தான். அந்த கேட்டை ஒரு தடவையாவது நல்ல சேதியோடு தட்ட வேண்டாமா?