கம்ப்யூட்டருக்குக் கை தூக்கியவன்

திருவனந்தபுரம் கரமனையில் என் மகள் படித்த பள்ளியில் தமிழாசிரியர் ஓய்வு பெற்றார். பெற்றோர் சங்கப் பணம் தற்காலிக ஆசிரியருக்கா, நான்கு கம்ப்யூட்டருக்கா என்று கேட்டார்கள். நான் கம்ப்யூட்டருக்குக் கை தூக்கினேன். தமிழ்ப் பத்திரிகைக்காரனே தூக்குகிறான் என்று மற்றவர்களும் தூக்கினார்கள்.

சரஸ்வதி பூஜையன்று கம்ப்யூட்டர்களுக்குச் சந்தனம் வைத்தோம். மற்றபடி தூசிக்குப் பயந்து அறை பூட்டியே கிடந்தது. வாரம் ஒருமுறை பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், ஆசிரியை கீபோர்டில் தட்டுவதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். தமிழ் வகுப்பு நின்றுபோய், மகள் மலையாள வகுப்புக்கு மாறினாள். வீட்டில் சொல்லிக்கொடுக்க எனக்கு நேரமில்லை.

அவள் கல்லூரியில் சேர்ந்த பிறகு, என் கட்டுரை வந்த பத்திரிகையை நீட்டினேன்.

“நீங்களே வாயிச்சுத் தாங்கோப்பா. நான் எழுத்துக் கூட்டி முடிக்கறதுக்குள்ள அடுத்த பேப்பர் வந்துடும்.”

முதல் வரியிலிருந்து வாசித்தேன். கவனமாகத்தான் கேட்டாள்.