கணுக்கால் அளவுத் தண்ணீர்

தாம்பரம் பக்கம் மழை விட்டதும் ஏரி நிரம்பி வழிவதைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுகிறோம். போன மழைக்காலத்தில் நாங்களும் நான்கு வயது மகளோடு போனோம். உபரிநீர் வழிகிற கலங்கல் மேல் கணுக்கால் அளவுத் தண்ணீர்தான் ஓடியது. போட்டோ எடுக்க என் கணவர் மகளை அதில் இறக்கினார்.

"வேணாங்க, பாசி வழுக்கும்."

"எல்லாரும் நிக்கிறாங்கல்ல? உனக்குத்தான் எல்லாத்துக்கும் பயம்."

சொல்லி முடிப்பதற்குள் அவரே வழுக்கி விழுந்தார். கைநழுவிய குழந்தை விளிம்பை நோக்கிச் சறுக்கினாள். அதற்குக் கீழே பாறையும் வெள்ளமும். நான் பாய்ந்து அவள் கவுனைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

"விடு, ஒண்ணும் ஆகலயே" என்றார்.

"ஆகியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

மகளைத் தூக்கிக்கொண்டு கரையேறினேன்.

இப்போதும் ஏரிக்குப் போகிறோம். கரைமேல் சாலையோரம் நின்று, ஆளுக்கொரு சுட்ட சோளத்தோடு பார்க்கிறோம். மகளின் கை என் கையில்தான் இருக்கும். அவளும் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். யாராவது குழந்தையோடு கலங்கலில் இறங்கினால் மட்டும் கரையிலிருந்தே கத்துவேன். முறைக்கிறார்கள், ஆனால் ஏறிவிடுகிறார்கள். அது போதும் எனக்கு.