பத்து வரை எண்ணினேன்

முதலில் ஷூவைத்தான் சந்தேகப்பட்டேன். காக்ஸ் டவுன் பக்கத்தில் ஒரு பள்ளியில் பத்தொன்பது வருடம் ட்ரில் மாஸ்டர் நான். கான்வாஸ் ஷூவுக்குள் பாதம் எரியத் தொடங்கியதும் புது ஷூ வாங்கினேன். பிறகு இன்னொன்று. மூன்றாவது ஜோடியைத் திருப்பிக் கொடுக்கப் போய்க் கடைக்காரரிடம் சண்டையும் போட்டுவிட்டு வந்தேன். பாவம், அவர்மேல் தவறே இல்லை.

சில மாதங்களில் போர்வை பட்டாலே தாங்கவில்லை. பெங்களூர் டிசம்பரில் ஊரே சாக்ஸ் போட்டுக்கொண்டு தூங்க, நான் மர்பி டவுன் வீட்டின் சிவப்புச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் மனைவி எஸ்தர் ஒரு மூங்கில் கூடையைப் பாதியாக அறுத்து, பாதத்தின்மேல் படாமல் கவிழ்த்து, அதன்மேல் போர்வையைப் போட்டாள். உங்களுக்கும் இந்த எரிச்சல் இருந்தால் முதலில் இதைச் செய்யுங்கள். மருந்தெல்லாம் பிறகு.

சர்க்கரை இல்லை என்றார்கள். நரம்புக் கடத்தல் சோதனையும் (காலில் சிறு மின் அதிர்ச்சி கொடுத்து நரம்பின் வேகத்தை அளப்பது) நார்மல். ஆனால் அது தடித்த நரம்புகளைத்தான் அளக்கும், சூட்டையும் வலியையும் சொல்லும் மெல்லிய நரம்புகள் அதில் தெரியாது என்றார் மருத்துவர். வலியும் தூக்கமும் ஒன்றையொன்று எப்படிக் கெடுக்கின்றன என்று ஆராய்கிற ஓர் இடத்துக்கு அனுப்பினார்.

அங்கே தரப்போகும் ரிப்போர்ட்டைத்தான் மலைபோல் நம்பியிருந்தேன். ஹெட்மாஸ்டர் முடிவாகச் சொல்லிவிட்டார்: "ஏதாவது எழுத்துல கொண்டாங்க மாஸ்டர், உக்காந்து செய்ற வேலை தரேன். இல்லன்னா கிரவுண்டுக்கு வாங்க."

பாதத்தில் சின்ன உலோகத் தகடு ஒன்றைக் கட்டினார்கள். மெஷின் 'க்ளிக்' என்றதும் தகடு மெல்லச் சூடேறும். சூடு தெரிந்தவுடன் பொத்தானை அமுக்க வேண்டும் (வெப்ப உணர்வுச் சோதனை என்று பெயர்). "பயப்படாதீங்க சார், பத்து எண்ணுறதுக்குள்ள தெரிஞ்சிரும்," என்றார் டெக்னீஷியன். நானும் டாண் டாணென்று அமுக்கினேன். ரிப்போர்ட் வந்தது. உணர்வு நார்மல்.

ஆட்டோவில் எஸ்தர் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அல்சூர் ஏரி தாண்டியதும், "டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டாரே. பிரேயர்ல சொல்லட்டுமாங்க?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அன்பாகக் கேட்டாள். அதற்குப் பிறகு வலிக்கிறது என்று சொல்வதையே விட்டுவிட்டேன். வீட்டுக்குள்ளேயே யாரோ என்னை வைத்துப் பூட்டிவிட்டது போலிருந்தது.

இரண்டு வாரம் கழித்து, சோதனை செய்த இடத்து டாக்டரம்மா மறுபடி கூப்பிட்டார். "உங்க பதிலெல்லாம் ஒரே சீரா இருக்கு மாஸ்டர். மனுஷங்க இப்படி அமுக்கவே மாட்டாங்க." இந்த முறை எஸ்தரையும் உள்ளே உட்கார வைத்தார்.

க்ளிக். கொஞ்ச நேரத்தில் அமுக்கினேன்.

"சார், ஸ்வல்ப, கொஞ்சம் இருங்க," என்றார் டெக்னீஷியன். "நான் இன்னும் சூடே வைக்கல."

"ஏங்க, உங்க உதடு அசையுது," என்றாள் எஸ்தர். "எண்ணுறீங்க."

எனக்கே அப்போதுதான் தெரிந்தது. என் கால் எந்நேரமும் எரிந்துகொண்டிருந்தது. எது புதுச் சூடு, எது பழைய எரிச்சல் என்று பிரிக்கத் தெரியாமல், க்ளிக் கேட்டதும் பத்து எண்ணி அமுக்கியிருக்கிறேன். ட்ரில்லில் எண்ணி எண்ணி வந்த பத்தொன்பது வருடப் பழக்கம் என் வாயாலேயே என்னைப் பொய்யனாக்கிவிட்டது.

நான் எண்ணாமலிருக்க, டாக்டரம்மா எங்களைப் பேசிக்கொண்டிருக்கச் சொன்னார். கிறிஸ்துமஸ் கேக்குக்கு முந்திரி போதுமா என்று பேசினோம். சூடு உச்சத்துக்கு ஏறி மெஷின் தானாக நின்றது. நான் அமுக்கவே இல்லை. தகட்டை எஸ்தரிடம் காட்டினார்கள். தொட்டவள் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"அய்யோ! இதுவா தெரியல உங்களுக்கு?"

அவள் அழுதாள். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. நரம்பு பட்டுப்போனதற்காகச் சந்தோஷப்பட்ட மனுஷன் நானாகத்தான் இருப்பேன்.

நுண்நரம்புச் சிதைவு (சூடு, குளிர், வலியை உணரும் மெல்லிய நரம்புகள் பழுதாவது) என்று எழுதிக் கொடுத்தார்கள். பழுதான நரம்பு வெளியே நடப்பதைச் சொல்லாது, நடக்காததைச் சொல்லிக்கொண்டே இருக்கும் என்றார் டாக்டரம்மா. முழுதாகக் குணமாகாது. மாத்திரையால் மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்குகிறேன். பள்ளி ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து பந்துகளுக்குக் காற்றடிக்கிறேன். மைதானத்தில் புது மாஸ்டர் எண்ணுவது கேட்கும். உங்களையும் சோதனைக்கு அனுப்பினால் தயவுசெய்து பாஸாகப் பார்க்காதீர்கள்.

குளிக்கும்முன் எஸ்தர்தான் பக்கெட்டில் கைவிட்டுப் பார்க்க வேண்டும். என் காலை நான் நம்பக் கூடாது என்பது உத்தரவு. சுவரைப் பிடித்தபடி நிற்கிறேன்.

"எரியுது எஸ்தர்."

"இன்னும் தண்ணியே ஊத்தலீங்க."

சொல்லிவிட்டு, சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவளும் கூடவே நிற்கிறாள், எரிச்சல் கொஞ்சம் அடங்கட்டும் என்று. எவ்வளவு நேரம் என்று இருவருமே எண்ணுவதில்லை.