வில்ஃப் ஹேஸ்லமின் இரண்டு வார்த்தை

இங்கிலாந்தின் ராச்டேலில் பதினேழாம் நம்பர் பஸ்ஸை ஓட்டியவன் வில்ஃப் ஹேஸ்லம். அதே பஸ்ஸில் பதினோரு வருஷம் டிக்கெட் கிழித்தவன் நான், ஸ்டான்லி. வேலை முடிந்ததும் இருவரும் கால்வாய்க்கரை பப்பில் போய் உட்காருவோம். "இன்னொரு கிளாஸ்?" என்று யாராவது கேட்டால் வில்ஃப் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளுவான், இடது புருவத்தை ஏற்றுவான், "வேணாம்னு சொன்னேனா?" என்பான். தினமும் கேட்டதுதான். தினமும் சிரிப்போம்.

1974 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, பப் டிவியில் மார்பெக் பியர் விளம்பரம் வந்தது. ஓட்டைப் படகு மூழ்குகிறது. கழுத்துவரை தண்ணீரில் நிற்பவனிடம் கூட்டாளி ஒரு கிளாஸை நீட்டுகிறான். அவன் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி, இடது புருவத்தை ஏற்றி, "வேணாம்னு சொன்னேனா?" என்கிறான்.

பப்பே குலுங்கியது. வில்ஃப் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"யாருடா சொல்லிக் குடுத்தது?"

"ஏம்ப்பா, கம்பெனிக்காரங்க ஒனக்கே வீட்டுல பீப்பாய் பீப்பாயா இறக்கியிருப்பாங்களே, எங்களைக் கேக்கறியா?" என்றார் பப்காரர். பாதி விளையாட்டு; மீதியை அவர் நிஜமாகவே நம்பினார்.

கிறிஸ்துமஸுக்குள் நாடு முழுக்க அதே பேச்சு. கால்பந்துப் பந்தயத்தில் எதிரணி பெனால்டியைத் தவறவிட்டால் மைதானமே சேர்ந்து அதைக் கத்தும். எங்கள் தேவாலயத்தில் ஒரு கல்யாணப்பெண், 'இவரை ஏற்கிறாயா?' என்று கேட்ட பாதிரியாருக்கே அந்தப் பதிலைச் சொன்னாள். வில்ஃபை அடித்துப்போட்டது இவை எதுவுமில்லை. ஒரு பாட்டியம்மா தேநீர் வேண்டுமா என்று கேட்டதற்கு அவன் பழக்கத்தில் வாய்விட்டுவிட, "டிவி பாத்துக் கத்துக்கிட்டியா டிரைவர்? அந்த ஆள் மாதிரி வரலையே!" என்றாள் அவள். அன்றோடு அதைச் சொல்வதை நிறுத்தினான்.

பிறகு சொல்லிக் கொடுத்த ஆள் யாரென்று தேடத் தொடங்கினான். பப்காரருக்கு மார்பெக் கம்பெனி அம்பெறிந்து விளையாடும் புது டார்ட் பலகை கொடுத்தது ஏன்? மூலையில் குறுக்கெழுத்து போடுபவர் உண்மையில் என்ன எழுதுகிறார்? கடைசியில் என்னிடம் வந்தான்.

"ஒன் மருமகன் மான்செஸ்டர்ல என்ன பண்றான்?"

"படம் வரையறான். சோப்பு விளம்பரத்துக்கு."

"இன்னைக்கு சோப்பு. அதுக்கு முன்னாடி?"

"வில்ஃப், நீ பேசறது நல்லாயில்ல."

மறுநாள் டிப்போவில் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டான். ஒரு வருஷத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை. அவன் போட்ட விதை எனக்குள்ளும் முளைத்தது. மருமகனை இரண்டு தடவை குடைந்து கேட்டேன். 1975 கிறிஸ்துமஸுக்கு மகளும் அவனும் வரவில்லை.

அடுத்த பிப்ரவரியில் என் மனைவி மாட் இறந்தாள். அடக்கத்துக்கு வரமாட்டேன் என்று வில்ஃப் நாற்காலியை விட்டு எழவில்லையாம். கோட்டு போட்டுக்கொண்டு நின்ற அவன் மனைவி டோரீன் அப்போதுதான் வாயைத் திறந்திருக்கிறாள்.

"ஸ்டான்லி இல்ல. நான்தான்."

விளம்பரம் வருவதற்குச் சில மாதம் முன்பு, சந்தையில் அட்டையும் பேனாவுமாக ஆட்களிடம் கருத்துக் கேட்டபடி ஒரு பெண் நின்றிருந்தாளாம். 'உங்க வீட்டுக்காரருக்கு பியர் குடுத்தா என்ன சொல்வார்?' என்று கேட்டாளாம். டோரீன் பக்கத்துக் கடைக்காரர் தொப்பியை வாங்கி நடித்தே காட்டிவிட்டாள். கூலியாகக் கிடைத்தது பாத்திரம் துடைக்கும் துணி ஒன்று.

வில்ஃப் பிந்தி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். அடக்கம் முடிந்து ஹாம் சாண்ட்விச் தட்டு சுற்றிவரும்போது என்னிடம் வந்து, தொப்பியைக் கையில் திருகியபடி இதையெல்லாம் சொன்னான்.

"மாட் கிட்டயும் மன்னிப்புக் கேக்கணும்னு நெனச்சேன்," என்றான்.

"கொஞ்சம் லேட்டுப்பா."

அழுதான். நானும் அழுதேன். மருமகனுக்கு அன்றே கடிதம் எழுதினேன். திங்கட்கிழமை முதல் பழையபடி ஒரே பஸ். ஆனால் மனம்விட்டுப் பேச வாயெடுத்தால், டிக்கெட் பையைத் திறந்து சில்லறையை எண்ண ஆரம்பித்துவிடுவேன்.

டோரீனைத்தான் அவனால் விட முடியவில்லை. "வேற என்னல்லாம் சொன்னே?" என்று உருளைக்கிழங்கு உரிக்கும்போது கேட்பான்.

"அவ்வளவுதான்."

"நெஜமா?"

ஒரு ஞாயிறு அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மார்பெக்கின் புது விளம்பரம் வந்தது: மனைவிக்குத் தெரியாமல் தோட்டத்துக் கொட்டகையில் பாட்டில் ஒளித்துவைக்கும் கணவன். வில்ஃபும் அப்படித்தான் ஒளித்துவைப்பான்; டோரீனுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தான். வில்ஃப் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மெல்லத் திரும்பி டோரீனைப் பார்த்தான்.

"தண்ணி கொதிக்குதான்னு பாத்துட்டு வரேன்," என்று அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.