அப்பா எதிர்பார்க்கும் குண்டு

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் போரை ரசித்துப் பார்த்தவர் அப்பாதான். இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் கங்காணி. இந்தியாவும் பாகிஸ்தானும் அடித்துக்கொண்ட அந்தக் கிழமை, வேலை விட்டு வந்ததும் கால்கூடக் கழுவாமல் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். சென்னைச் சேனல்காரர்கள் கத்துவார்கள். அப்பா அவர்களுக்கு மேல் கத்துவார்.

"ரெண்டு பேருகிட்டயும் அணுகுண்டு இருக்கு. அதனால ஒருத்தனும் போட மாட்டான். சும்மா மெரட்டுவானுங்க" என்றார் முதலில். அப்படி நம்ப அவருக்குக் காரணம் இருந்தது. என் தங்கையை மாமா மகனுக்கு நிச்சயம் செய்திருந்தோம். மாமா, அம்மாவின் அண்ணன். எப்போதோ இந்தியாவுக்குப் போய் கோத்தகிரியில் குடியேறியவர். மாப்பிள்ளை இந்திய ராணுவத்தில், அப்போது எல்லையில் நின்றார். காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போதெல்லாம் அப்பா மருமகன் பெருமை பீற்றிக்கொள்வார்.

பிறகு ஒரு சேனலில், அணுகுண்டு விழுந்தால் எந்த ஊர் எவ்வளவு எரியும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். மறுநாள் பெரட்டில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருத்தி கேலியாக, "என்னங்க கங்காணி, மருமகன் இன்னும் இருக்காரா?" என்று கேட்டுவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"தாலியறுக்கவா எம்மகள கட்டிக் குடுப்பேன்? அந்தச் சம்பந்தமே வேணாம்!"

வீட்டுக்குள் சொன்னதை அவர் ஆயிரம் தடவை மாற்றியிருக்கிறார். பெரட்டில் சொன்னதைக் கங்காணி மாற்றினால், மறுநாள் அவர் சொல்லும் மலைக்கு ஒருத்தியும் ஏறமாட்டாள். அன்று மாலையே மாமாவுக்குப் போன் போட்டார். தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கொஞ்சம் பொறுங்கப்பா." உதறிவிட்டார். ஸ்பீக்கரில் மாமாவின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"எம்மகன் உசிரோட வரணும்னு நாங்க கோயில் கோயிலா போறோம் மச்சான். நீங்க அவனுக்குக் காரியமே பண்ணிட்டீங்க."

அந்தக் கிழமை முடிவதற்குள் சண்டையை நிறுத்திவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை. மன்னிப்புக் கேட்கச் சொல்லி அம்மா கெஞ்சினாள். "பெரட்டுல சொன்னது சொன்னதுதான்" என்றார் அப்பா. ஆவணியில் மாமா வேறு பெண் பார்த்து மகனுக்குக் கல்யாணத்தை முடித்தார்.

இரண்டு நாடுகளும் ஏன் இறங்கி வருவதில்லை என்று படித்தவர்கள் டிவியில் விளக்கோ விளக்கென்று விளக்குகிறார்கள். எனக்கு அந்த விளக்கமெல்லாம் தேவையில்லை. எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார்.

அப்பா இன்னமும் செய்தி பார்க்கிறார். "அடுத்த தடவ கட்டாயம் போடுவானுங்க" என்கிறார். பயந்து சொல்லவில்லை, ஆசையாகச் சொல்கிறார். அந்தப் பையன் செத்தால்தானே அவர் செய்தது சரியாகும். அதை நினைக்கும்போது எனக்கு அவரைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது.

தங்கை பால் கலக்காத பிளேன்டியைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைக்கிறாள். டிவியை ஒருமுறை பார்த்துவிட்டு, தினமும் மரியாதை குறையாமல் கேட்கிறாள்:

"என்னங்கப்பா, அவரு இன்னும் சாகலையா?"