தலைமாட்டில் இங்குன்

போடோ நகரில் மீன் வாங்க வரிசையில் நிற்கும்போதும் இங்குனின் பார்வை முன்னால் நிற்பவரின் தாடையில்தான் இருக்கும். கட்டைக் கழுத்து, உள்வாங்கிய மோவாய், ஆடுகிற முன்பல்: மூச்சுக்குழாய் போட இந்த ஆள் பாடாய்ப் படுத்துவார் என்று மனத்துக்குள் முடிவு கட்டிவிடுவாள். தங்கை கல்யாணத்தில் மாப்பிள்ளையையே வாயைத் திறந்து காட்டச் சொன்னவளாயிற்றே!

கடலோரச் சிற்றூரில் பொது மருத்துவராகத் தொடங்கியவள். கடலில் விழுந்த மீனவன் ஒருவனைத் தூக்கிவந்தபோது, நின்ற மூச்சை மீட்கத் தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அந்த ஆத்திரம்தான் அவளை மயக்க மருத்துவம் படிக்கத் துரத்தியது. பிறகு பல வருஷம் மீட்பு ஹெலிகாப்டரில் பறந்தாள். முதுகு மக்கர் செய்யவே அறுவை அரங்கோடு நின்றுகொண்டாள். பிழைத்தவர்கள் கேக் கொண்டுவந்து கொடுப்பதெல்லாம் அறுவை மருத்துவருக்கு. இவள் முகம் ஒருவருக்கும் நினைவிருக்காது.

"தூங்க வைக்கிறதெல்லாம் ஒரு வேலையா?" என்று அண்ணன் சீண்டுவான்.

"தூங்க வைக்கிறது லேசு. எழுப்பறதுக்குத்தான் படிச்சேன்."

போன வாரம் ஊட்வார் வந்தார். எழுபது தாண்டிய மீனவர், குடலில் கட்டி. ஏற்கெனவே ஒருமுறை அறுவை மேசையிலிருந்து இறங்கி வீட்டுக்கு ஓடிப்போனவர். இன்னும் தள்ளிப்போட்டால் கட்டி கைமீறிவிடும்.

"என் தம்பி இப்படித்தான் படுத்தான். எந்திரிக்கவே இல்ல. நான் தூங்க மாட்டேன், ஆமா!"

ஷெட்டில் என்ற அறுவை மருத்துவர் பெருமூச்சு விட்டார். இங்குன் முக்காலியை இழுத்துப் போட்டுக் கிழவரின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"தூங்காதீங்க பெரியவரே. பேசிட்டிருப்போம்."

"நீ எங்கயும் போயிட மாட்டியே?"

"நீங்க கண்ணு முழிக்கிற வரைக்கும் இங்கேயேதான்."

கிழவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப சரி, மருந்தைப் போடு. ஆனா தூங்க மாட்டேன்."

"இந்த வருஷம் எங்க வலை போட்டீங்க?"

"அத உங்கிட்ட சொல்லுவேனா? ஊரே வந்து நிக்கும். தீவுக்கு மேக்கால, அந்தக் கரும்பாறைக்கு..."

பாறையைத் தாண்டவில்லை அவர்.

அறுவையின் பாதியில் அவருடைய இரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கியது. இங்குன் மருந்தை ஏற்றிக்கொண்டே, கேட்காத காதுக்குள் குனிந்து, "போயிடாதீங்க பெரியவரே, போயிடாதீங்க" என்றாள். மெல்ல, மிக மெல்ல, அழுத்தம் ஏறி வந்தது.

கட்டியை எடுத்துத் தைத்து முடித்தபின், ஊட்வார் இமையைப் பிரித்தார்.

"பாத்தியா, தூங்கவே இல்ல! எப்பதான் ஆரம்பிப்பீங்க?"

சிரிக்க வாயெடுத்த ஷெட்டிலை இங்குன் கண்ணாலேயே அடக்கினாள்.

"கண்ணே மூடல பெரியவரே. அதுக்குள்ள முடிஞ்சே போச்சு" என்றபடி அவர் மோவாயில் வழிந்திருந்த எச்சிலைத் துடைத்துவிட்டாள்.